கழித்தது போக மீதி

சட்டையைப் போட்டுக்கொண்டால் டாக்டர் கோகிலவாணிக்கு இடுப்பு வலிக்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாள் முழுக்கக் கடித்த செருப்பைக் கழற்றி வைக்கும்போது வருகிற சுகத்தை ஊரைக் கூட்டியா சொல்கிறோம்?

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ‘தொலையுணர் அங்கி’. திருப்பூர் மையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது வெறும் சட்டை. கழுத்திலிருந்து தொடை வரை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறத் துணி. ஊரின் இன்னொரு மூலையில் ஒரு நோயாளி நெஞ்சில் பட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன செய்கிறதோ அது சட்டைக்குள் இருக்கும் டாக்டருக்கும் செய்யும். தலை பாரமாக இருந்தால் டாக்டர் தலையும் பாரமாகும். பயந்தால் டாக்டர் நெஞ்சும் படபடக்கும்.

ஈயக் காய்ச்சல்தான் இப்படி ஒரு சட்டையைத் தைக்க வைத்தது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. கைகால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கனக்கும். தூக்கம் கெடும். யோசனை மந்தமாகும். காரணமே இல்லாத ஒரு திகில் நெஞ்செலும்புக்கு அடியில் வந்து குந்திக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் மூச்சு திணறும். ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குள் காரியம் கைமீறிவிடும். ஆரம்பத்திலேயே அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நோயாளியின் உணர்வு ஒன்றுதான் வழி. வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் ஒருவர் ஊதிப் பெரிதாக்குவார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்று மழுப்புவார். உடம்பு மழுப்பாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

சட்டையைப் பொருத்த வந்த இன்ஜினியர் சகாயம்தான் முதல்நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

“மளிகைக் கடையில தூக்குப் பாத்திரத்துல எண்ணெய் வாங்குறோம்ல மேடம். மொதல்ல காலித் தூக்கைத் தராசுல வச்சு, அந்த எடையைக் கழிச்சிட்டுத்தானே எண்ணெய் ஊத்துறான்? அதே கதைதான். காலையில சட்டையைப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. அன்னைக்கு உங்க உடம்பு எப்படி இருக்கோ அதைப் படிச்சுக்கும். அதுதான் ஜீரோ. அப்புறம் உங்க உடம்பு உங்களுக்கே தெரியாது. வர்றதெல்லாம் நோயாளியோடது.”

“என் இடுப்பு வலி?”

“அதுவும் காலித் தூக்கோட எடைதான் மேடம். கழிஞ்சிரும்.”

கழிந்துதான் போயிற்று. இடுப்பு வலி போனது. விடிய விடிய மாமனாருக்கு ஆக்சிஜன் பார்த்துக்கொண்டு, இடையில் மகளின் ஆன்லைன் வகுப்புக்கு எழுந்து, நாலு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்த கண்ணெரிச்சல் போனது. ஊரடங்கு வந்த மார்ச்சிலிருந்து நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு கலவரமும் போனது. மாலையில் சட்டையைக் கழற்றினால் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு திரும்ப வரும். அதனால் அவள் இரண்டு ஷிப்ட் பார்க்கத் தொடங்கினாள். மையத்தில் அவளுக்குக் கடமை தவறாதவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

மையத்தில் ஒரு கறாரான விதி உண்டு. சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்களின் உடம்பைப் பெண் டாக்டர்தான் படிக்கலாம், ஆண்களின் உடம்பை ஆண் டாக்டர்தான். அந்த விதியைப் போராடிக் கொண்டுவந்தவளே கோகிலவாணிதான். ஆரம்பத்தில் ஓர் ஆண் டாக்டர் ஒரு பெண்ணைப் படித்துவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து அவள் உடம்பைப் பற்றிக் கதை அளந்தான். கதை ஊருக்குள் பரவ, தெருத்தெருவாகப் பெண்கள் பட்டையைப் பிய்த்து எறிந்தார்கள். விதி வந்த பிறகுதான் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். அது அவள் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று அவளுக்கு நிறைவு உண்டு.

அன்று காலை திரையில் வந்தவள் துளசிமணி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள், வயது முப்பத்தாறு. ஊரடங்கில் கம்பெனி ஆண்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டது. இவள் வீட்டிலேயே மிஷின் போட்டுப் பீஸ் தைத்தாள். படுக்கையில் மாமியார், பள்ளிக்கூடம் இல்லாத இரண்டு பிள்ளைகள்.

“சொல்லுங்க அம்மிணி, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. கொஞ்சம் அசதியா கெடக்குது. தூரமாயிருக்கறனுங்க, அதனாலயா இருக்கும்.”

கோகிலவாணிக்கும் அன்று மாதவிலக்குதான். இரண்டாம் நாள். சட்டைக்குள் அதன் சுவடே இல்லை. கண்ணை மூடிக் காத்திருந்தாள். கையில் கனமில்லை, தலையில் பாரமில்லை, நெஞ்சில் எதுவுமில்லை. காற்றில்லாத நாளில் குளம் கிடப்பதுபோல் கிடந்தது.

“நல்லாத்தான் இருக்கீங்க.”

துளசிமணி பின்னால் மிஷின் மேல் குவிந்திருந்த துணியைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க. எதுக்குன்னு தெரியல. சோத்துல கை வெச்சா பயமா இருக்குது, புள்ளைங்க சிரிச்சா பயமா இருக்குது. அது உங்களுக்குத் தெரியலீங்களா?”

கோகிலவாணி இன்னொரு முறை கண்ணை மூடினாள். குளம் அசையவில்லை.

“பயம்னு ஒண்ணும் வரலயே அம்மிணி.”

“அப்ப நாந்தான் நடிக்கறேனாட்ட இருக்குது.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து அவள் கணவன் பழனிச்சாமியின் குரல் கேட்டது. “பாத்தியா? டாக்டரே சொல்லிட்டாங்க, உனக்கு ஒண்ணுமில்லைன்னு. எந்திரி, அம்மாவுக்குக் கஞ்சி வெய்யி.”

அந்தக் குரல் கோகிலவாணிக்கு உறுத்தியது. தன் வார்த்தை அந்த வீட்டில் யாருக்குச் சாட்சியாகப் போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அடுத்த நோயாளி காத்திருந்தாள். துளசிமணியின் பெயருக்கு எதிரே, நோயில்லை என்று பச்சை வைத்தாள்.

பெண்கள் பக்கம் எப்போதும் பச்சைதான் அதிகம். ஆனாலும் வீட்டிலேயே மூச்சு நின்று செத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். வாராந்திரக் கூட்டத்தில் அதிகாரி இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். “லேடீஸ் லேட்டா சொல்றாங்க. விழிப்புணர்வு போதாது.” எல்லோரும் தலையாட்டினார்கள். கோகிலவாணியும் ஆட்டினாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ஆண்கள் பகுதியிலிருந்து டாக்டர் இளம்பரிதி சட்டையைக்கூடக் கழற்றாமல் தடுமாறி வெளியே வந்தான். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா கையால் மூன்று வேளை சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கி, தினமும் பூரித்த முகத்தோடு வருகிற பையன். மையத்துப் பெண்கள் அவனை ‘மாப்பிள்ளை’ என்று கேலி செய்வார்கள். இப்போது மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. கண்ணில் நீர். ஒரு கை சுவரில், ஒரு கை அடிவயிற்றில்.

“என்ன பரிதி?” கோகிலவாணி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன் மேடம். ஒரு ஆள். இதுவரைக்கும் இப்படி ஒரு உடம்பை நான் படிச்சதே இல்ல. காலைத் தூக்க முடியல. தலைக்குள்ள புகை மாதிரி. நெஞ்சுல…” அவனால் சொல்ல முடியவில்லை. “எனக்கு எங்கம்மா செத்துட்டாங்கன்னு நெஜமாவே தோணுச்சு மேடம். இந்த மாதிரி ஒருத்தன் எப்படி உக்காந்திருக்கான்?”

“வயித்துல ஏன் கை வச்சிருக்கீங்க?”

“அதான் புரியல. ஈயக் காய்ச்சல்ல இது வராதே. அடிவயித்துல யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி. பிடிக்குது, விடுது, மறுபடி பிடிக்குது. முதுகுக்குப் போய் தொடை வரைக்கும் இறங்குது. கிட்னியில கல்லு இருக்குமோ?”

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“கல்லு இல்ல பரிதி. அந்த ஆள் பேரு என்ன?”

“பழனிச்சாமி.”

திரையில் முகவரியைப் பார்த்தாள். காலையில் அவள் பச்சை வைத்த அதே வீடு. போனை எடுத்தாள்.

“பழனிச்சாமிங்களா? உங்க பட்டை இப்ப யாரு நெஞ்சுல இருக்குது?”

“எம்பட நெஞ்சுலதானுங்க.”

“பொய் சொல்லாதீங்க. நேரமில்ல.”

அந்தப் பக்கம் குரல் உடைந்தது. “பச்சை இருந்தாத்தானுங்க கம்பெனி கேட்டுக்குள்ள உடறானுங்க. எனக்குச் சளி புடிச்சிருக்குது. பொம்பளைங்களுக்கு எப்பவும் பச்சைதான் வருதுன்னு எங்க தெருவுல பேசிக்கறாங்க, அதான் சம்சாரத்து மேல ஒட்டி உட்டனுங்க. இன்னிக்குத்தானுங்க மொதோ தடவை.”

“துளசிமணி எங்க?”

“உள்ளதானுங்க. சோறு வடிச்சுட்டு இருக்கறா.”

இளம்பரிதியால் நிற்க முடியாமல் போன உடம்போடு அவள் நின்றுகொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“பழனிச்சாமி, அந்தப் பாத்திரத்தை அவங்க கையில இருந்து வாங்குங்க. உக்கார வைங்க. வண்டி வருது. வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, பேச்சுக் குடுத்துட்டே இருங்க.” போனை வைத்தாள். காலையில் அந்தப் பெண் வெளிப்படையாகக் கேட்டாள், அது உங்களுக்குத் தெரியலீங்களா என்று. தெரியவில்லை என்று சொன்னது கோகிலவாணி, நடிக்கிறேன் போல என்று சொன்னது அந்தப் பெண். கோகிலவாணி உடனே சகாயத்துக்குப் போன் போட்டாள்.

சகாயம் வந்து அவளுடைய சட்டையையும் இளம்பரிதியின் சட்டையையும் மேஜையில் விரித்துப் போட்டான். ஒரு மணி நேரம் எதையெதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தான். மையத்தின் பெண் டாக்டர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“சட்டையில ஃபால்ட் எதுவும் இல்ல மேடம். இளம்பரிதி சார் உடம்புல கழிக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, அதனால வந்ததெல்லாம் அப்படியே வந்திருக்கு. உங்க ஜீரோவைப் பாத்தேன். அசதி, தூக்கமின்மை, இடுப்பு, படபடப்பு எல்லாம் அதுல இருக்கு. அந்தம்மாகிட்ட இருந்தும் அதேதான் வந்துச்சு. சட்டைக்கு எது உங்களுது, எது அவங்களுதுன்னு தெரியல. எல்லாம் உங்களுதுன்னு நெனச்சுக் கழிச்சிருச்சு.”

“இத்தனை மாசமா?”

“தூக்கே அவ்வளவு கனமா இருந்தா எண்ணெய் ஊத்தினது தெரியாது மேடம்.”

ஒவ்வொருத்தியும் தான் வைத்த பச்சைகளை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. டாக்டர் மும்தாஜ் நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். போன மாதம் அவள் பச்சை வைத்த இரண்டு பெண்கள் இப்போது இல்லை.

“நாங்க படிக்கறோமே மேடம்,” என்றான் இளம்பரிதி. “விதியை எடுத்துட்டா போச்சு.”

கோகிலவாணி கேன்டீன் கதையை மறக்கவில்லை. அப்படியும், ஆண் டாக்டர் படிக்கச் சம்மதமா என்று பச்சை வந்த பெண்களிடம் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். சில பெண்கள் சரியென்றார்கள். அவர்களை ஆண்கள் படித்ததில் பாதிக்குப் பாதி சிவப்பு வந்தது. ஆனால் பெரும்பாலோர், “ஆம்பளை டாக்டருங்களா? வேண்டாமுங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும். சட்டையைப் போடும் பெண் டாக்டருக்குச் சரியான ஜீரோ வேண்டும்.

“அதுக்கு வழி இருக்கு,” என்றான் சகாயம். “உங்க உடம்பை ஜீரோவா வைக்காம, வேற ஒரு லேடி உடம்பை எல்லாருக்கும் பொது ஜீரோவா வச்சிரலாம். குழந்தையா இல்லாம வளர்ந்தவங்க, நல்லாத் தூங்கினவங்க, வலி இல்லாதவங்க, மனசுல பயம் இல்லாதவங்க. ஒரே ஒரு ஆள் போதும். உங்கள்ல யாராவது வர்றீங்களா?”

அவன் பாவம், வெகு சாதாரணமாகத்தான் கேட்டான். டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு மெல்ல வெளியே நகர்ந்தாள்.

மும்தாஜ் முகத்திலிருந்து துப்பட்டாவை எடுத்தாள். “வீட்ல தங்கச்சி, மச்சினி, பக்கத்து வீடு எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன். என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை தேடுனதே இதை விட ஈசி.”

ஊர் முழுக்கத் தேடினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. பணக்கார வீடுகளில் கேட்டார்கள், கல்லூரி விடுதியில் கேட்டார்கள். ஒருத்திக்குத் தூக்கமில்லை, ஒருத்திக்குத் தலைவலி. வலியே இல்லை என்று சிரித்துக்கொண்டு வந்த ஒரு புதுப்பெண்ணின் நெஞ்சில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டுச் சகாயமே பட்டையைக் கழற்றிவிடச் சொன்னான். இதற்கிடையில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன, பச்சைக்காரப் பெண்கள் வீட்டில் காத்திருந்தார்கள்.

துளசிமணி பிழைத்துக்கொண்டாள். முதல் வாரம் இழுபறிதான். மருந்து பிடித்துக்கொண்ட பிறகும் தொற்று பரவாமலிருக்கத் தனி அறையிலேயே வைத்திருந்தார்கள். வீட்டார் யாரும் வரக்கூடாது, போன் கூடாது. கோகிலவாணி பார்க்கப் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டில் இருந்த உப்புமாவை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

“எப்படி இருக்கீங்க அம்மிணி?”

“என்னமோ மாதிரி இருக்குதுங்க. இங்க யாரும் என்னை எழுப்பவே மாட்டேங்கறாங்க. நானா முழிச்சாத்தான் உண்டு. வாழ்க்கையில இப்பிடித் தூங்கினதே இல்லீங்க.”

கோகிலவாணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. “உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு நாந்தான் எழுதினேன்,” என்றாள்.

“நானுந்தானுங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்.” துளசிமணி தட்டைக் கீழே வைத்தாள். “ஆனா பயமா இருக்குதுன்னும் சொன்னனுங்களே. சட்டைக்குத் தெரியல, செரி. காதுல கூடவா உளுகல?”

கோகிலவாணியின் கண் கலங்கியதைப் பார்த்தும் துளசிமணி உடனே ஆறுதல் சொல்லிவிடவில்லை. தண்ணீரைக் குடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அப்புறம், “பரவால்லீங்க, வண்டி அனுப்பிச்சீங்களே,” என்றாள்.

அப்போதுதான் கோகிலவாணிக்கு உறைத்தது. நன்றாகத் தூங்கிய உடம்பு. வேளைக்குச் சாப்பிட்ட உடம்பு. அவள் விஷயத்தை விளக்கினாள், தூக்கு, எண்ணெய், தராசு எல்லாம் சேர்த்து. துளசிமணி முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப எம்பட உடம்பு தராசுக்கு ஆகுதுங்களா?”

“ஆகும்னு நெனைக்கறேன்.”

“அப்பச் சீக்கிரம் எடுத்துக்கோங்க டாக்டரம்மா. வெள்ளிக்கெழமை வூட்டுக்கு அனுப்பறாங்களாம். போயிட்டா கெடைக்காது.”

வியாழக்கிழமை சகாயம் பட்டையோடு போய் ஜீரோவை எடுத்து வந்தான். முதல் ஆளாகப் போட்டுப் பார்க்கக் கோகிலவாணி முன்வந்தாள். அன்றைய வரிசையில் பச்சைக்காரப் பெண்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். இளம்பரிதி பக்கத்தில் நின்றான். சகாயம் திரைக்குப் பின்னால் எதையோ தட்டினான்.

வந்தது. முதலில் கால். பிறகு தோள், பிறகு முதுகு. கையை நாற்காலியிலிருந்து எடுக்க முடியவில்லை. கண்ணுக்குள் மணல். நெஞ்செலும்புக்கு அடியில் கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது, அது மூச்சை உள்ளே விட மறுத்தது. இது முற்றிய நிலை, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பிழைப்பாள் என்று அவள் டாக்டர் மூளை சொன்னது.

“சகாயம், யாரை இணைச்சிருக்கீங்க? அந்தம்மாவுக்கு ரொம்ப முடியல. வண்டி சொல்லுங்க, உடனே.”

சகாயம் திரைக்கு மேலே தலையை நீட்டினான்.

“இன்னும் யாரையும் இணைக்கலயே மேடம்.”

இளம்பரிதி அவளைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். “மேடம்?” என்றான்.

ஒண்ணுமில்ல என்ற சொல் பழக்கத்தில் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வீட்டில் மாமனாரின் சிலிண்டர் மாற்ற வேண்டும், மகளுக்கு நாளைக்குத் தேர்வு, வரிசையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். இவ்வளவு காரணங்களோடு அந்தச் சொல் நின்றது. அவள் அதை விழுங்கினாள். கைகள் கனத்ததால் சட்டையைக் கழற்ற நேரம் பிடித்தது.

“மும்தாஜைக் கூப்பிட்டு என் வரிசையைப் பாக்கச் சொல்லுங்க, இந்த ஜீரோவோட,” என்றாள். “பரிதி, நீங்க உங்க சட்டையைப் போட்டுட்டு வாங்க.”

“விதி இருக்கே மேடம்.”

“நான் போட்ட விதிதான்,” என்று மேஜையிலிருந்த பட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டாள். “எனக்குப் பயமா இருக்கு. படிச்சுச் சொல்லுங்க.”